இல்லத்து விருந்து
(அத்திப்பட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் பேசுதற்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இல்லத்து விருந்து என்பதாகும். கல்வியைப் பற்றியும், உத்தியோகத்தைப் பற்றியும், தொழில் அபிவிருத்தியைப் பற்றியும் பேச வேண்டிய சங்க மேடையில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். அங்ஙனம் நகைப்போர், சென்ற ஓராண்டில் தத்தம் வீட்டில் நடந்த விருந்துகளை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக. யார் யார் இலைமுன் அமர்ந்தனர், யார் யார் வாயிற்படியோடு திரும்பினர், யார் யாரை அழைக்கவே மறந்தோம் என்று கணக்கெடுப்பாராக. ஒரு சமூகத்தின் உள்ளத்தை அறிய அதன் தீர்மானப் புத்தகத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. அதன் பந்தியைப் பார்த்தால் போதும்.

நம் முன்னோர் காலத்தில் விருந்து வீட்டில் நடந்தது. திண்ணையில் ஒரு பந்தியும் முற்றத்தில் ஒரு பந்தியுமாக மக்கள் உண்டனர். இப்பொழுது திண்ணையும் இல்லை, முற்றமும் இல்லை. இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட அடுக்குமாடியில் வாழ்கின்றோம். ஆகவே விருந்து மண்டபத்திற்குக் குடிபோய்விட்டது. காதணி விழாவும், மஞ்சள் நீராட்டும், வளைகாப்பும், குழந்தையின் முதலாண்டுப் பிறந்தநாளும் ஆகிய எல்லாவற்றிற்கும் மண்டபம், எல்லாவற்றிற்கும் ஒப்பந்தச் சமையல், எல்லாவற்றிற்கும் வாயிலில் மொய்ப் புத்தகம். தாம் எழுதிய மொய் திரும்பி வரவேண்டும் என்பதற்காகவே ஒரு விசேஷத்தை உண்டாக்கிக்கொள்வோரும் நம்மிடையே உளர். நானூறு பேர் உண்டு போன பின், வீட்டுக்காரர் நகைக்கடன் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு வட்டிக் கணக்குப் பார்க்கின்றார். வந்தவர் நானூறு பேரில் நாற்பது பேருடனாவது அவர் நின்று பேசியிருப்பாரா என்பது ஐயமே. மண்டபத்திற்குப் போகாமல் வீட்டிலேயே எஞ்சியிருப்பவை புதுமனையில் பால் காய்ச்சுதலும், பண்டிகைச் சாப்பாடும், இளைஞர்கள் சனிக்கிழமை இரவில் கூடும் பார்ட்டியும் முதலான சில. அவற்றிலும் பெரும்பாலும் நம் சுற்றத்தாரே சுற்றத்தாரை அழைத்து, சுற்றத்தாரே உண்டு, சுற்றத்தாரே குறை கூறிச் செல்கின்றனர்.

இவற்றையெல்லாம் விருந்து என்று வழங்குதல் தகுமா என்பதே நாம் எழுப்பும் வினா. விருந்து என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் ஆதிப்பொருள் புதுமை என்பதாம். தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டுவகை வனப்புக்களைக் கூறுமிடத்து, புதிதாகப் புனையப்படுவதற்கு விருந்து என்றே பெயரிட்டார். அப்பொருளே வீட்டிற்குப் புதிதாக வருபவரையும் குறித்து நின்றது. திருவள்ளுவரோ இதனை ஐயத்திற்கு இடமின்றி வரையறுத்தார். இல்லறத்தான் பேணத்தக்க ஐந்திடங்களை எண்ணுமிடத்து முன்னோரையும், தெய்வத்தையும், விருந்தினரையும், சுற்றத்தாரையும், தன்னையும் தனித்தனியே வைத்தார். விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தை இல்லறவியலில் அமைத்தவர், சுற்றந்தழாலுக்கு ஐம்பத்துமூன்றாம் அதிகாரத்தைப் பொருட்பாலில் அமைத்தார். இரண்டும் நற்செயல்களே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மைத்துனனுக்குச் சோறிடுவது சுற்றந்தழால். அறிமுகமில்லாத அண்டை வீட்டானை அழைத்துச் சோறிடுவதே விருந்து. இவ்வளவையின்படி நம் வீடுகளில் எத்தனை ஆண்டுகளாக விருந்தே நடக்கவில்லை என்பதை நீங்களே கூறிக்கொள்ளலாம்.

இனி, இவ்விஷயத்தைப் பேசுதற்கு அத்திப்பட்டைக் காட்டிலும் ஏற்ற இடம் இல்லை என்பதைக் கூறுவோம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அத்திப்பட்டு என்றும் அத்திப்பட்டு புதுநகர் என்றும் இரண்டு நிலையங்கள் உள்ளன. கொசத்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழிமுகத்தை நாடும் இப்பகுதியில் ஒரு காலத்தில் உப்பளமும் மீன்பாடும் வயலுமே பிழைப்பாக இருந்தன. வட சென்னை அனல்மின் நிலையம் 1994-இல் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிற்று. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; 2014-இல் அது காமராசர் பெயரைப் பெற்றது. வல்லூர் மின்நிலையமும், காட்டுப்பள்ளித் துறைமுகமும், சரக்குப் பெட்டி நிறுத்தும் வெளிகளும் அடுத்தடுத்து எழுந்தன. இவற்றில் வேலை செய்யத் தென்பாண்டி நாட்டினரும், கொங்கு நாட்டினரும், ஆந்திரரும், அண்மைக் காலத்தில் பீகாரிகளும் ஒடியரும் வங்காளிகளும் வந்து குடியேறினர். மூன்று தலைமுறைக்கு முன் வந்தவர் பழையவர் எனப்படுகின்றார். மூன்று திங்களுக்கு முன் வந்தவர் புதியவர் எனப்படுகின்றார். வேறுபாடு காலத்தில்தான் உள்ளது.

இங்கே விருந்திடுதல் எளிதன்று என்பதையும் நாம் அறிவோம். வந்தவருக்கு முதலில் தருவது தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததனால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்ப்பாகி நெடுங்காலமாயிற்று. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் குடிநீர் உண்டாக்கும் ஆலை 2010-இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டதாயினும், அந்நீர் சென்னைக்கென்றே அமைந்தது. நம்மில் பலர் விருந்தினருக்கு இன்றும் கேன் தண்ணீரையே விலைக்கு வாங்கி ஊற்றுகின்றோம். கழிமுகத்து இறாலும் நண்டும் மடவையும் ஒரு காலத்தில் திடீரென வந்தவருக்குங்கூடக் குழம்பாயின. நிலக்கரிச் சாம்பலும், 2023 டிசம்பர்ப் பெருமழையோடு பரவிய எண்ணெயும் அக்கழிமுகத்தைக் கெடுத்த பின், அவ்விறாலை நம்பி உலை வைப்பார் குறைந்தனர். ஆலையிலும் துறைமுகத்திலும் இரவு பகலாக மூன்று முறை வேலை. ஒருவர் உண்ணும் வேளை மற்றவர் உறங்கும் வேளை. இத்தனை இடையூற்றிடையே ஒருவர் ஒருவரை வீட்டிற்கு அழைக்கின்றார் என்றால், அவ்வழைப்பின் மதிப்பு மண்டபத்து நானூறு இலையினும் பெரிது.

பந்தியின் சரித்திரத்தைச் சிறிது நினைவூட்ட விரும்புகின்றோம். சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, நமக்கு அண்மையிலுள்ள திருவொற்றியூருக்குச் சென்று வழிபட்டு வந்த இராமலிங்க வள்ளலார், 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். வருபவர் யார் என வினவாது பசி ஒன்றையே வினவும் அடுப்பு அது; அன்று மூட்டிய நெருப்பு இன்றும் அணையாது பேணப்படுகின்றது. ஆனால் நாடு அவர் வழியை உடனே மேற்கொள்ளவில்லை. 1924, 1925-ஆம் ஆண்டுகளில், தேசத்தொண்டர் வ. வே. சு. ஐயர் நிறுவிய சேரன்மாதேவி குருகுலத்தில் சில பிள்ளைகளுக்குத் தனி உணவு என்ற செய்தி தமிழ்நாட்டையே கலக்கியது. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், ஏனையோருக்கு வேறிடம் என்றிருந்த பிரிவு 1941-இல் தான் ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்து, உணவு விடுதிகளில் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. பின்னர்த் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் சுதந்திர தினம் முதலிய நாட்களில் அனைவரும் ஒருங்கிருந்து உண்ணும் விருந்து நடைபெறலாயிற்று.

இவ்வாறு இரயில் நிலையத்தின் பந்தி திறந்தது. உணவு விடுதியின் பந்தி திறந்தது. கோயிலின் பந்தியும் திறந்தது. திறவாமல் எஞ்சியிருப்பது வீட்டுப் பந்தி ஒன்றே. அங்கே சட்டம் நுழையாது; நுழைவதும் முறையன்று. வீட்டுக் கதவின் தாழ் உட்புறத்தில் உள்ளது. அதனைத் திறக்க வேண்டியவர் நாமே.

"இது ஒரு குலத்தின் சங்கம். நம்மவரை ஒன்று சேர்ப்பதே இதன் நோக்கம். பிறரை வீட்டிற்குள் அழையுங்கள் என்று இம்மேடையிலேயே பேசலாமா?" என்று ஒரு சாரார் வினவக்கூடும். வினா நியாயமானதே, ஆகையால் மழுப்பாமல் விடை கூறுவோம். நம்முடையதைப் போன்ற சங்கங்கள் எதன் பொருட்டுத் தோன்றின? ஊரைவிட்டுப் பட்டணத்திற்கு வந்த நம்மவருக்குத் தங்க இடமும் உண்ண உணவும் எளிதிற் கிடைக்கவில்லை. படிக்க வந்த பிள்ளைகளுக்கு விடுதி வேண்டியிருந்தது. முன்பின் அறியாத ஊரில் கதவு திறப்பார் இலர் என்ற துன்பமே சங்கத்தின் விதை. அத்துன்பத்தைத் தாம் நுகர்ந்தவருடைய பேரப்பிள்ளைகள், இன்று அதே துன்பத்தில் நிற்கும் மற்றொருவருக்குக் கதவைச் சார்த்துவாராயின், அவர் சங்கத்தின் பெயரைக் காத்து அதன் காரணத்தை மறந்தவராவர்.

அன்றியும் இதில் நமது நலமும் அடங்கியுள்ளது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காட்சிகள் கைப்பேசி வழியே பரவின. எங்கோ நடந்த வேறு சண்டைகளின் படங்கள் இங்கு நடந்தவையாகக் காட்டப்பட்டன. தொழிலாளர் அஞ்சினர், பீகாரிலிருந்து அதிகாரிகளின் குழு ஒன்று வந்து விசாரித்துச் சென்றது. ஒரு பொய் இவ்வளவு விரைவாக ஓடியதேன்? ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டறியாமையால் என்க. நம் வீட்டில் ஒரு முறை இலைபோட்டு உண்டவனுக்கு நம்மைப் பற்றிய பொய் வந்து சேர்ந்தால், அவன் நம்மையே அழைத்துக் கேட்பான். நாமும் அவனைப் பற்றிய பொய்யை அவ்வாறே நிறுத்துவோம்.

அதே 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பம் கடற்கரையை ஒட்டிய குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறினர். கிடைத்த வண்டியில் ஏறி ஊரைவிட்டு ஓடியவர் பலர். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிச்சாங்குப் புயலின் வெள்ளம் வடசென்னையை மூழ்கடித்திருந்தது. இத்தகைய இரவில் கதவைத் தட்டுபவர் யாருடைய குலம் என்று கேட்கப் பொழுது இராது. ஐம்பது கல் தொலைவிலுள்ள மைத்துனர் விடிந்த பின்னரே வந்து சேர்வார். அடுத்த வாயிலில் உள்ளவர் அந்நொடியே வருவார். அவர் பெயரை அன்றுதான் முதன்முதற் கேட்டறிதல் அழகாகுமா?

"அழைக்க மனம் உண்டு, கைப்பொருள் இல்லை" என்பார்க்கு இளையான்குடி மாற நாயனார் சரித்திரத்தை நினைவூட்டுவோம். செல்வமெல்லாம் கரைந்த நிலையில், மழை கொட்டும் இரவில் அறிமுகமில்லாத அடியார் ஒருவர் அவர் வீட்டிற்கு வந்தார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வரலாம் என்று வழி கூறியவர் அவர் மனைவியார். விறகின்றி வீட்டுக் கூரைக் கொம்பை அறுத்து அடுப்பெரித்தனர். குழியிற் கிடந்த கீரையே கறியாயிற்று. சேக்கிழார் இவரைப் பாடியது பண்டம் பலவாக இருந்தமையாலா? நாயனார் செய்ததில் ஒரு பங்கும் நம்மிடம் எவரும் எதிர்பார்க்கவில்லை. சோறும் குழம்பும் ஒரு கீரையும் ஓர் அப்பளமும் இருந்தால் விருந்து நிறைவேறும். ஆனால் அச்சரித்திரத்தின் மற்றொரு பாதியையும் நாம் மறத்தலாகாது. யோசனை மனைவியாருடையது, சமைத்தவரும் அவரே, பெயரோ கணவருக்கு. இன்றும் விருந்து என்றால் ஆடவர் கூடத்தில் அமர்ந்து பேச, தாய்மார் அடுப்படியில் வெந்து, எல்லோரும் உண்டபின் ஆறிய சோற்றை உண்கின்றனர். வேலைக்குச் சென்று திரும்பும் பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. தாய்மார் சிலர் விருந்தை வெறுப்பதற்குக் காரணம் விருந்தினர் அல்லர், பாத்திரங்களே. அவற்றைத் துலக்க ஆடவர் கை நீளுமாயின், விருந்து தானே பெருகும்.

அயலாரை உபசரிக்கும் வழி நமக்குப் புதிதன்று. ஆடி மாத ஞாயிறுகளில் வடசென்னைத் தெருக்களில் அம்மனுக்குக் கூழ் வார்க்கின்றோம். கேழ்வரகு மாவும் நொய்யும் இட்டுக் காய்ச்சிய கூழ், நறுக்கிய வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. பாத்திரம் ஏந்தி வருபவருக்கெல்லாம் வார்க்கின்றோம். அழைப்பிதழ் இல்லை, மொய் இல்லை, உண்டவர் யாருக்கும் கடன்பட்டவரும் அல்லர். தெருவில் ஆண்டுக்கொரு நாள் செய்யும் இதனை வீட்டிற்குள் ஆண்டுக்குச் சில நாள் செய்வதே நாம் வேண்டுவது. தெருவில் வார்ப்பதற்கும் வீட்டிற்குள் பாய் விரிப்பதற்கும் உள்ள தூரம் சில அடிகளே. அச்சில அடிகளைத்தான் நாம் இன்னும் கடக்கவில்லை.

இனி, விருந்திடுவாரும் விருந்துண்பாரும் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, அழைப்பு நேரில் இருத்தல் வேண்டும். கைப்பேசியில் நூறு பேருக்கு ஒருசேர அனுப்பும் அழைப்பு ஒருவரையும் அழைத்ததாகாது. குடும்பம் முழுவதையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவர் வேலைமுறை எப்பொழுது முடிகின்றது என்று கேட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, வருபவர் எதை உண்பார், எதை உண்ணார் என்பதை முன்னரே கேட்டறிதல். இது சாதி கேட்பதன்று. சைவ உணவினருக்குக் கருவாட்டை வைத்துச் சங்கடப்படுத்தாமலும், நோன்பு நோற்கும் இஸ்லாமிய அன்பரைப் பகலுணவிற்கு அழைக்காமலும் இருப்பதற்கே இக்கேள்வி. இன்னொன்றும் கூறுதல் அவசியம். எல்லோருக்கும் ஒரே வகைத் தட்டு, ஒரே வகைத் தம்ளர், ஒரே வரிசை இருக்க வேண்டும். ஒருவருக்கு வெள்ளியும் மற்றவருக்குக் காகிதமும் வைப்பீராயின் அவரை அழையாமல் விடுவதே மேல்.

மூன்றாவது, அளவு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் பாதிக்கு மேற்பட்டது வீடுகளில் வீணானதே. வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறுதல் கஞ்சத்தனம் ஆகாது. பிளாஸ்டிக் தட்டும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் 2019 ஜனவரி முதல் நமது மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. வாழையிலை இருக்க அவை எதற்கு?

நான்காவது, ஒலி. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்குமேல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டின் விதி. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவோர் நிறைந்த நம்மூரில் பகலிலும் அடக்கம் வேண்டும்.

ஐந்தாவது, மது. இச்சென்னை மாகாணம் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி 1948-இல் எங்கும் பரப்பியது. பின்னர் விலக்கு நீங்கியும் மீண்டும் மாறியும், 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துவதாயிற்று. சட்டம் எதுவாயினும் ஆகுக. மது புகுந்த விருந்தில் பெண்களும் குழந்தைகளும் ஓர் அறைக்குள் ஒதுங்குகின்றனர். வீட்டின் பாதிப் பேரை ஒதுக்கும் பொருள் விருந்திற்கு உரியதன்று.

ஆறாவது, விருந்துண்பார் கடமை. வருவதாகச் சொன்னால் வருதல், இயலாதெனில் முன்னரே அறிவித்தல், சொன்ன நேரத்தில் வருதல், இடப்பட்டதை இகழாமை. விருந்தினர் உள்ளம் முகம் மாறினாலே வாடும் என்று வள்ளுவர் எச்சரித்தார். சமைத்தவர் உள்ளமும் அத்தகையதே என்பதை விருந்தினர் அறிக. சென்னையிலிருந்து வந்தவர் கடைசி வண்டி வரை அமர்ந்திராமல் காலத்தோடு புறப்படுதல் நன்று. சரக்கு லாரிகள் நிறைந்த சாலையில் அவரை நள்ளிரவில் அனுப்பிவிட்டு வீட்டார் விழித்திருத்தல் இன்பமன்று. எல்லாவற்றினும் மேலாக, உண்டவர் ஒருநாள் தம் வீட்டிற்கும் அழைக்க வேண்டும். புதியவர் சமைத்த ரொட்டியை நாம் அவர் அறையில் தரையில் அமர்ந்து உண்ணும் நாளே இவ்வுறவு நிறைவெய்தும். நாம் இடுபவராகவே இருந்து, அவர் ஏற்பவராகவே இருப்பாராயின், அது தருமமாகலாம், நட்பாகாது.

ஏழாவது, மொய். வீட்டு விருந்தில் மொய்ப் புத்தகம் வேண்டா. குழந்தைக்கு ஒரு பழமோ ஒரு புத்தகமோ கொண்டு வருதல் போதும்.

அன்பர்களே! நம் சங்கத்தில் தீர்மானங்களுக்குக் குறைவில்லை. ஆகையால் மேலும் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர நாம் விரும்பவில்லை. வருகின்ற பொங்கலுக்குள், இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும், நம் குலத்தவரும் உறவினரும் அல்லாத ஒரு குடும்பத்தையேனும், அல்லது குடும்பத்தைப் பிரிந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர் இருவரையேனும், தம் வீட்டிற்கு அழைத்து ஒரே வரிசையில் உடனிருந்து உண்ண வேண்டுமென்று மட்டும் கேட்டுக்கொள்ளுகிறோம். அழைத்தவர் பெயரைப் பத்திரிகையில் வெளியிடுவதாக இல்லை; பாராட்டுக் கூட்டமும் இல்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கு வருவோர், நாம் எத்தனை பேர் என்று கணக்குக் கூறுவதோடு, நம்மை அறிந்த பிறர் எத்தனை பேர் என்றும் கூறுவாராயின், இச்சங்கம் வளர்ந்ததென்று கொள்வோம்.